கம்பெனி கார்டு: கொடுக்கும் முன், தேய்த்த பின்

இருபது முப்பது பேர் வேலை பார்க்கும் நிறுவனங்களில் கம்பெனி கார்டு என்று தனியாக ஒன்று பெரும்பாலும் இருக்காது. முதலாளியின் சொந்த கிரெடிட் கார்டுதான் கம்பெனி கார்டு. அதன் இரண்டு பக்கமும் போட்டோவாகி வாட்ஸப்பில் சுற்றியிருக்கும். பர்ச்சேஸ் பார்ப்பவர் அதை வைத்து ரயில் டிக்கெட் போடுவார். விளம்பரம் பார்க்கும் பையன் அதே நம்பரை ஆன்லைன் விளம்பரக் கணக்கில் ஏற்றி வைத்திருப்பான். உதிரி பாகம் வாங்கப் போன சூப்பர்வைசர் ஆன்லைனில் பணம் கட்டிவிட்டுக் கடையில் நின்றபடியே போன் அடிப்பார்: "அண்ணா, ஓடிபி வந்துச்சுங்களா?" முதலாளி அப்போது ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பார். எந்தக் கடை, எவ்வளவு தொகை என்று பார்க்காமலே ஆறு எண்ணையும் படித்துச் சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டுவார்.

இதில் யாரும் திருடவில்லை. ஆனால் மாதக் கடைசியில் 94,000 ரூபாய்க்கு ஸ்டேட்மென்ட் வந்து நிற்கும்போது அதில் முப்பதாயிரம் எதற்குப் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நமக்குத் தெரியாமல் கார்டில் நடந்த பணப்பரிமாற்றத்துக்கு யார் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தவறு வங்கியுடையதும் அல்ல, வாடிக்கையாளருடையதும் அல்ல, வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் கிடையாது. ஆனால் கார்டின் ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே வெளியே கொடுத்திருந்தால், வங்கியிடம் சொல்லும் நேரம்வரை போன பணம் முழுக்க அவர் தலையில். ஓடிபியை ஊருக்கே வாசித்துக் காட்டும் அலுவலகம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டு விதிகள் எழுதுகிறவர்கள் பொதுவாகத் திருடனை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். நிறுவனங்கள் அதிகம் இழப்பது மறதியில்தான். இருபத்தைந்து நாளுக்கு முந்தைய 2,360 ரூபாய் எதற்கு என்று கேட்டால் நேர்மையான ஆளுக்கும் விழி பிதுங்கும், நேர்மையற்றவருக்கோ கதை சொல்ல வசதி. ஆகவே மாதக் கடைசி விசாரணையை நம்பாதீர்கள். கார்டைக் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை பாதி, தேய்த்த இரண்டு நாளுக்குள் செய்ய வேண்டியது மீதி. இந்த அத்தியாயம் அந்த வரிசையில் போகிறது.

யாருக்குக் கார்டு?

கார்டைப் பதவியின் மரியாதையாக நினைப்பது முதல் தவறு. ஜெனரல் மேனேஜருக்கு ஒன்று கொடுத்தோம், அவர் வாங்கிவிட்டார் என்பதால் ஃபேக்டரி மேனேஜருக்கும் ஒன்று என்று போனால், வருடத்தில் இரண்டு தடவைகூடத் தேய்க்காதவர்களின் பர்ஸில் கார்டுகள் தூங்கும். அவற்றுக்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு. தொலைந்தால் தெரியவும் தெரியாது.

கடந்த மூன்று மாத வவுச்சர் கட்டை எடுத்துப் புரட்டுங்கள். சொந்தக் கையிலிருந்து போட்டுவிட்டுப் பிறகு வாங்கிக்கொண்டவர்கள் யார் என்று பாருங்கள். 28,000 ரூபாய் சம்பளக்காரரான சேல்ஸ்மேன், லாட்ஜுக்கும் பஸ்ஸுக்கும் 15,000 ரூபாய் தன் கையிலிருந்து போட்டுவிட்டு அடுத்த மாதம் 10-ம் தேதிவரை காத்திருக்கிறார் என்றால், அவர்தான் உங்கள் கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கார்டு முதலில் அவருக்கு. சின்னப் பதவி என்பதால் அவரை நம்பாமல் மேனேஜரை மட்டும் நம்புவதற்கு எந்தக் கணக்கும் ஆதாரமில்லை.

டிரைவர்களுக்கு கிரெடிட் கார்டு வேண்டாம். எண்ணெய் நிறுவனங்கள் வண்டி நம்பர் வாரியாகக் கொடுக்கும் ஃப்ளீட் கார்டு போதும். எந்த வண்டிக்கு எந்த பங்க்கில் எவ்வளவு போட்டது என்று அதுவே சொல்லிவிடும். எப்போதாவது ஒரு தடவை கண்காட்சிக்குப் போகிறவருக்குப் பணம் ஏற்றிக் கொடுக்கும் ப்ரீபெய்ட் கார்டு சரி. அதில் போட்டதற்கு மேல் போகாது.

லிமிட்டையும் அதே வவுச்சர் கட்டிலிருந்தே எடுங்கள். ஒருவருடைய மாதச் சராசரி 24,000 என்றால் 30,000 வையுங்கள். வங்கி உங்கள் நிறுவனத்துக்குப் பத்து லட்சம் அனுமதித்திருக்கிறது என்பது வங்கியின் கணக்கு. அதைப் பத்துப் பேருக்குச் சமமாகப் பங்கிட வேண்டியதில்லை. மாத லிமிட்டோடு ஒரே தடவையில் எவ்வளவு தேய்க்கலாம் என்றும் ஒரு வரம்பு வேண்டும். பெரிய இழப்புகளைத் தடுப்பது இந்த இரண்டாவது வரம்புதான்.

வங்கியில் விண்ணப்பிக்கும்போது ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள். பாக்கி விழுந்தால் பொறுப்பு கம்பெனிக்கா, கார்டில் பெயர் உள்ள ஊழியருக்கா, இருவருக்கும் சேர்த்தா? சில கார்டுகளில் ஊழியரும் சேர்ந்தே கையெழுத்துப் போடுகிறார். கம்பெனி பில் கட்டத் தாமதித்தால் அவருடைய சிபில் மதிப்பெண் அடிவாங்கலாம். வீட்டுக் கடனுக்கு அலையும்போதுதான் அவருக்கே அது தெரியவரும். அப்படிப்பட்ட கார்டைக் கொடுப்பதானால் சொல்லிவிட்டுக் கொடுப்பதுதான் நியாயம்.

ஒரு பக்கத்தில் முடியட்டும்

பதினெட்டுப் பக்கக் கொள்கை ஆவணத்தை எவரும் படிப்பதில்லை. கார்டைக் கையில் கொடுக்கும் அன்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஊழியர் தமிழில் படிப்பவர் என்றால் தமிழிலேயே. மாதிரிக்கு ஒன்று:

"என் பெயரில் கொடுக்கப்பட்டுள்ள இந்தக் கார்டு (கடைசி நான்கு எண்கள் ____) கம்பெனி வேலைக்கு மட்டும். பயணம், தங்கும் இடம், வெளியூர் வேலையின்போது என் சாப்பாடு, மேலாளர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்த பொருட்கள் ஆகியவற்றுக்குப் பயன்படுத்துவேன். ஏடிஎம்மில் பணம் எடுக்க மாட்டேன். கார்டு, பின் நம்பர், ஓடிபி எதையும் சக ஊழியர், மேலதிகாரி உட்பட யாருக்கும் கொடுக்க மாட்டேன். செலவு செய்த 2 வேலை நாளுக்குள் பில்லை அக்கவுண்ட்ஸுக்கு அனுப்புவேன். தவறிச் சொந்தச் செலவு விழுந்துவிட்டால் நானே தெரிவித்து 7 நாளுக்குள் கட்டிவிடுவேன். கார்டு தொலைந்தால் முதலில் வங்கிக்கு, அடுத்து கம்பெனிக்குச் சொல்வேன். வேலையை விட்டு விலகும்போது கடைசி நாளுக்கு முன்பே திருப்பிக் கொடுப்பேன்."

இதில் "மேலதிகாரி உட்பட" என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஜூனியர் பையனின் கார்டை மேலாளர் வாங்கித் தேய்ப்பது சகஜமாக நடக்கிறது. "சார் கேட்டார், எப்படி முடியாதுன்னு சொல்றது?" என்று நிற்கும் பையனுக்கு இந்தத் தாள்தான் துணை.

ஏடிஎம் தடைக்குக் காரணம் நம்பிக்கையின்மை அல்ல, கணக்கு. கிரெடிட் கார்டில் பணம் எடுத்தால் பல வங்கிகளில் 2.5 சதவீதம் அளவுக்குக் கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி. பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் இதற்குக் கிடையாது. ரொக்கம் தேவைப்படும் வேலைக்குப் பழைய பெட்டி கேஷ் முறையே மலிவு.

வாடிக்கையாளரைச் சாப்பிட அழைத்துப் போகும் செலவுக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். திருப்பூர் பக்கம் வாடிக்கையாளரைப் "பார்ட்டி" என்பார்கள். "பார்ட்டி செலவு" என்று மட்டும் எழுதி வரும் வவுச்சரை வெளியூர் ஆடிட்டர் ஒருவர் பார்த்து மிரண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. பில்லின் பின்பக்கம் வந்தவர் பெயர், அவருடைய நிறுவனம், எத்தனை பேர், என்ன வேலையாக என்று எழுத வேண்டும். மதுவுக்குக் கம்பெனி பணம் தருமா, தராதா என்பதையும் எழுதிவிடுங்கள். கூச்சப்பட்டு அதை எழுதாமல் விட்ட நிறுவனங்களில்தான் ஓட்டல் பில்லில் "இதர உணவு" என்று ஒரு வரி முளைக்கிறது.

வங்கி தரும் சுவிட்சுகள்

ரிசர்வ் வங்கியின் 2020 ஜனவரி உத்தரவுக்குப் பிறகு, புதிதாக வரும் கார்டு இந்தியாவுக்குள், ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் செருகிப் பயன்படுத்த மட்டுமே திறந்திருக்கும். ஆன்லைன், வெளிநாடு, தொட்டாலே பணம் போகும் டேப் வசதி ஆகியவற்றை நாமே திறந்தால்தான் உண்டு. இது உங்கள் நன்மைக்கு. கார்டு வந்த அன்றே எல்லாவற்றையும் திறந்துவிட்டு "எதற்கும் இருக்கட்டும்" என்று விடாதீர்கள். உள்ளூர் பர்ச்சேஸ் ஆளுக்கு வெளிநாட்டு வசதி எதற்கு? டேப் வசதியில் 5,000 ரூபாய்வரை பின் நம்பர் கேட்காது. அப்படியொரு கார்டு பஸ்ஸில் விழுந்தால் எடுத்தவர் டீக்கடையிலிருந்து துணிக்கடைவரை தட்டிக்கொண்டே போகலாம். தேவையில்லாதவர்களுக்கு அதை மூடி வையுங்கள், அல்லது 1,000 ரூபாய்க்கு இறக்குங்கள்.

அடுத்தது கடை வகை. கார்டு வாங்கும் ஒவ்வொரு கடைக்கும் நான்கு இலக்க வகை எண் ஒன்று உண்டு. ஓட்டல் ரெஸ்டாரண்டுக்கு 5812, பாருக்கு 5813, பெட்ரோல் பங்க்குக்கு 5541, நகைக்கடைக்கு 5944, சூதாட்டத்துக்கு 7995. கம்பெனி கார்டுகளில் எந்தெந்த வகை ஓட வேண்டும், எது ஓடக் கூடாது என்று வங்கியிடம் சொல்லிப் பூட்டலாம். நகை, சூதாட்டம், வாலட்டில் பணம் ஏற்றுவது ஆகிய மூன்றையும் யோசிக்காமல் பூட்டுங்கள். வாலட்டுக்குப் போன பணம் அதன் பிறகு எங்கே போனது என்று ஸ்டேட்மென்ட் சொல்லாது.

ஆனால் இந்தப் பூட்டை முழுக்க நம்பவும் கூடாது. வங்கிக்குத் தெரிவது கடையின் வகை மட்டும். உள்ளே என்ன வாங்கினார்கள் என்று அதற்குத் தெரியாது. நட்சத்திர ஓட்டலின் பாரில் குடித்தாலும் ரூம் பில்லில் சேர்த்துவிட்டால் அது தங்கும் விடுதிக் கணக்கில்தான் வரும். சூப்பர் மார்க்கெட்டில் அலுவலகத்துக்குக் காபித் தூளும் வாங்கலாம், வீட்டுக்கு மாத மளிகையும் வாங்கலாம். அதற்குத்தான் பில்.

சின்னக் கடைகளில் கார்டு மெஷின் இருக்காது, க்யூஆர் அட்டைதான் தொங்கும். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைக்க 2022 முதல் வழி இருக்கிறது. உங்கள் வங்கி கம்பெனி கார்டுக்கும் இதைத் தருகிறதா என்று விசாரியுங்கள். தந்தால் ஹார்டுவேர் கடை, ஜெராக்ஸ் கடை செலவுகளும் ஸ்டேட்மென்டில் வந்துவிடும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை, சில விலக்குகள் தவிர, வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. ரொக்கத்தைக் குறைப்பதில் அந்த ஆதாயமும் உண்டு.

பில் எங்கே?

மெஷினிலிருந்து வரும் சார்ஜ் ஸ்லிப்பைப் பில் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் நிறைய. பணம் போனதற்கு அது அத்தாட்சி. என்ன வாங்கினோம் என்பதற்கு இல்லை. ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியை எடுக்க வேண்டுமானால் உங்கள் நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி நம்பரும் உள்ள வரி பில் வேண்டும். கடைக்காரர் அதைத் தன் கணக்கில் ஏற்றி, உங்கள் 2பி படிவத்தில் அது தெரிய வேண்டும். ஊழியர் கவுன்டரில் நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் நம்பரைச் சொல்லத் தவறினால் பிறகு போனில் கெஞ்ச வேண்டியதுதான். நிறுவனத்தின் பெயர், விலாசம், ஜிஎஸ்டி நம்பரை ஒரு விசிட்டிங் கார்டு அளவில் அச்சடித்து, கம்பெனி கார்டோடு சேர்த்தே கொடுங்கள். இந்த நூலில் சொல்லும் யோசனைகளில் இதைவிட மலிவானது இல்லை.

மெஷினிலும் பங்க்கிலும் தரும் தாள் வெப்பத்தில் அச்சாவது. சட்டைப்பையில் சில வாரம் இருந்தாலே வெளுத்துவிடும். ஜிஎஸ்டி சட்டமோ ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் ஆவணங்களை வைத்திருக்கச் சொல்கிறது. ஆகவே கடையை விட்டு இறங்குவதற்குள் போட்டோ. செலவுக் கணக்குக்கென்று செயலிகள் இருக்கின்றன. ஆள் அதிகம் என்றால் வாங்குங்கள். ஐந்தாறு கார்டுதான் என்றால் "கார்டு பில்" என்று ஒரு வாட்ஸப் குழு போதும். போட்டோவுக்குக் கீழே ஒரு வரி: "4/6, ஓட்டல், 11,210, பெங்களூரு கண்காட்சி." அக்கவுண்ட்ஸ் அதை அன்றன்றே கம்ப்யூட்டரில் இறக்கி டாலியில் ஏற்றிவிட வேண்டும். குழுவிலேயே விட்டுவைத்தால் போன் மாற்றும் நாளில் எல்லாம் போய்விடும்.

கோவையிலுள்ள ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் இன்ஜினியர் கார்டு ஸ்டேட்மென்ட் என்று வைத்துக்கொண்டு சில வரிகளை வாசித்துப் பார்ப்போம்.

ஜூன் 4, பெங்களூரு ஓட்டல், 11,210 ரூபாய். ரூம் வாடகை 9,500, வரி 1,710. பில்லில் கம்பெனி பெயரும் ஜிஎஸ்டி நம்பரும் சரியாக இருக்கின்றன. ஆனாலும் அந்த 1,710 திரும்பி வராது. தங்கும் அறைக்கு வரி, கட்டடம் இருக்கும் மாநிலத்துக்குச் சேரும். கர்நாடகத்தில் பதிவு இல்லாத தமிழ்நாட்டு நிறுவனம் கர்நாடக வரியை எடுத்துக்கொள்ள முடியாது. விமான டிக்கெட் அப்படி இல்லை. பதிவின்போது உங்கள் ஜிஎஸ்டி நம்பரைக் கொடுத்திருந்தால் வரி உங்கள் மாநிலத்துக்கே வரும், எடுத்துக்கொள்ளலாம். டிக்கெட் போடுகிறவர் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடுவதால் போகும் பணம் பல அலுவலகங்களில் கண்ணுக்கே தெரிவதில்லை.

அதே நாள், அதே ஓட்டல், 2,360 ரூபாய். இரவுச் சாப்பாடு. உணவுக்கான வரியை எடுக்கச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதனால் அக்கவுண்ட்ஸ் பார்க்க வேண்டியது வரியை அல்ல, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதை.

ஜூன் 9, கோவை ஹார்டுவேர் கடை, 9,800. அடுத்த வரியில் அதே கடை, 9,650. ஒரு தடவைக்கு 10,000 என்று வரம்பு வைத்தீர்கள், அவர் பில்லை இரண்டாக உடைத்துவிட்டார். ஆடிட் புத்தகங்கள் இதை முறைகேடு என்று சிவப்பு மையில் எழுதும். உடனே மெமோ கொடுக்காதீர்கள். மோட்டார் எரிந்து லைன் நின்றபோது 19,450 ரூபாய் சாமானுக்கு மேலாளர் போனை எடுக்கவில்லை என்றால், குற்றம் வரம்பில். அவசரத்துக்கு யாரிடம் கேட்டு வரம்பை ஏற்றுவது என்று ஒரு வழி இருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து அதே கடையில், அவசரம் எதுவும் இல்லாமல், 10,000-க்குக் கீழே ஒட்டி ஒட்டி வந்தால் அது வேறு கதை.

ஜூன் 14, ஞாயிறு, பெட்ரோல் பங்க், 3,000. முழு எண். பெட்ரோலுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் வரி பில் இருக்காது. வண்டி நம்பரும் கிலோமீட்டரும் எழுதாத பெட்ரோல் வரியை ஏற்கவே வேண்டாம். ஞாயிறு அன்று சர்வீஸ் கால் இருந்ததா என்பது கால் ரெஜிஸ்டரைப் பார்த்தால் தெரியும்.

ஜூன் 17, வெளிநாட்டு மென்பொருள் சந்தா. தொகைக்குக் கீழே அந்நிய நாணய மாற்றுக் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி என்று இரண்டு குட்டி வரிகள். பல கார்டுகளில் இந்தக் கட்டணம் 3.5 சதவீதம். அதோடு முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கும் சேவைக்கு நீங்களே ரிவர்ஸ் சார்ஜ் முறையில் ஜிஎஸ்டி கட்ட வேண்டும். டிடிஎஸ் பிடிக்க வேண்டிய வகையா என்றும் பார்க்க வேண்டும். கார்டில் கட்டிவிட்டோம் என்பதால் அந்தக் கடமை மறைந்துவிடாது. இந்த ஒரு வரியை மட்டும் மாதாமாதம் ஆடிட்டருக்குத் தனியாக அனுப்புங்கள்.

ஸ்டேட்மென்டில் இல்லாத வரிகளும் உண்டு. டிக்கெட் போட்டார், பில்லைக் கொடுத்தார், பிறகு பயணம் ரத்தானது. திரும்ப வர வேண்டிய பணம் கார்டுக்கு வந்ததா? சில பயணத் தளங்கள் ரீஃபண்டைத் தங்கள் வாலட்டில் வைத்துக்கொள்ள வழி கொடுக்கின்றன. வாலட் ஊழியரின் பெயரில். கம்பெனி பணத்தில் அவர் அடுத்த விடுமுறைக்கு ஊட்டி போய்வரலாம், கணக்கில் ஒரு சுவடும் இருக்காது. ரத்தான பயணங்களின் பட்டியலைக் கார்டு வரவுகளோடு பொருத்திப் பாருங்கள். அதேபோல் கார்டில் தேய்த்த பில்லுக்கே கைச்செலவு வவுச்சரும் போட்டுப் பணம் வாங்கியிருக்கிறாரா என்றும் பாருங்கள். கார்டுக்கு ஒருவர், பெட்டி கேஷுக்கு வேறொருவர் கணக்கு எழுதும் அலுவலகத்தில் இது எளிதாக நழுவும்.

ஸ்டேட்மென்ட் வங்கியிலிருந்து நேராக அக்கவுண்ட்ஸ் மின்னஞ்சலுக்கு வர வேண்டும், கார்டுக்காரர் வழியாக அல்ல. அக்கவுண்ட்ஸ் ஆளிடமே கார்டு இருந்தால் அவருடைய ஸ்டேட்மென்டை வேறொருவர் பார்க்க வேண்டும். பில் மொத்தத்தையும் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். கிரெடிட் கார்டு வட்டி பெரும்பாலும் மாதம் 3 முதல் 4 சதவீதம், வருடத்துக்கு நாற்பதை ஒட்டி வரும். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. உங்கள் வங்கி ஓவர்டிராஃப்டுக்கு எவ்வளவு வட்டியோ அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சொந்தச் செலவு விழுந்துவிட்டால்

விழும். போனில் இரண்டு கார்டுகளும் சேமிக்கப்பட்டிருக்கும், வீட்டுக்குச் சாப்பாடு ஆர்டர் போடும் அவசரத்தில் தவறான கார்டு போய்விடும். தானே வந்து சொல்லிக் கட்டிவிட்டால் அதோடு விடுங்கள். சொன்னவரைத் திட்டினால் அடுத்தவர் சொல்ல மாட்டார். சொல்லாமல் விட்டு, கேட்ட பிறகு கட்டினால் எழுத்தில் ஒரு எச்சரிக்கை. இரண்டாம் தடவையும் அப்படியே என்றால் கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு பழையபடி வவுச்சர். பொய் பில் கொடுத்தால் அது கார்டு பிரச்சினை அல்ல. ஒழுங்கு நடவடிக்கைக்குரிய விஷயம், முறைப்படி விளக்கம் கேட்டு நடத்துங்கள்.

சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று கை போகும். எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்று சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. மொத்தப் பிடித்தம் பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. எழுத்தில் சம்மதம் வாங்கி, தவணையாகப் பிடிப்பதற்கு முன் உங்கள் தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பில்லை ஒழுங்காகக் கொடுப்பதில் ஊழியருக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. கம்பெனி பணம் கட்டும் கார்டில் ஊழியரோ அவர் குடும்பத்தாரோ செய்யும் செலவை வருமான வரி விதிகள் ஊழியருக்குக் கிடைத்த சலுகையாகப் பார்க்கின்றன, அதாவது அவர் வருமானம். முழுக்க அலுவலக வேலைக்குத்தான் என்றால் விலக்கு. ஆனால் தேதி, செலவின் தன்மை உட்பட முழு விவரத்தையும் கம்பெனி பதிவு செய்து வைத்திருக்க வேண்டும், அலுவலகச் செலவே என்று சான்றும் தர வேண்டும். இரண்டு நாளுக்குள் பில் கேட்டு அக்கவுண்ட்ஸ் நச்சரிப்பது தன் வரிக்கும் சேர்த்துத்தான் என்று தெரிந்தால் முகச்சுளிப்பு குறையும்.

முதலாளியின் கார்டு

எல்லா விதியும் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகு முதலாளி தன் கார்டில் மகளின் வளைகாப்புக்குப் பட்டுப்புடவை எடுப்பார். "என் கம்பெனி, என் பணம்" என்பார். தனி உரிமை நிறுவனம் என்றால் அதை டிராயிங்ஸில் எழுதிவிடலாம். பிரைவேட் லிமிடெட் என்றால் சட்டத்தின் கண்ணில் கம்பெனி வேறு, அவர் வேறு. அந்தப் புடவை டைரக்டருக்குக் கொடுத்த சலுகையாகவோ, டைரக்டருக்குக் கொடுத்த கடனாகவோ நிற்கும். இரண்டுக்கும் தனித்தனிச் சிக்கல்கள் உண்டு.

ஸ்வீடனில் 1995-ல் துணைப் பிரதமராக இருந்தவர் மோனா சாலின். அடுத்த கட்சித் தலைவர், பிரதமர் அவர்தான் என்று எல்லோரும் நினைத்திருந்த நேரம். அரசாங்கக் கார்டில் சொந்தச் சாமான்கள் வாங்கியது வெளியே வந்தது. அதில் டோப்லரோன் சாக்லேட்டும் இருந்ததால் விவகாரத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எடுத்ததைத் திருப்பிக் கட்டவும் செய்தார், விசாரணையும் வழக்கு இல்லாமல் முடிந்தது. ஆனாலும் தலைமைப் போட்டியிலிருந்து அவர் விலக வேண்டியிருந்தது. கட்சித் தலைமைக்கு அவர் வர 2007 ஆயிற்று. திருப்பிக் கட்டினால் போதும் என்ற எண்ணம் மேலே இருப்பவர்களிடம்தான் அதிகம். கீழே இருப்பவர்கள் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். முதலாளியின் ஸ்டேட்மென்டுக்குப் பில் கேட்கும் தைரியம் அக்கவுண்ட்ஸ் அம்மாவுக்கு இருக்காது. ஆகவே முதலாளிதான் கேட்காமலே கொண்டுவந்து வைக்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு வேறு நிறத்தில் ஒரு சொந்தக் கார்டு வாங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ரிவார்டு பாயின்ட்டுகள் யாருக்கு என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கம்பெனிக்கு என்றால் அதை எழுதுங்கள். ஊழியருக்கே விட்டுவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஒரு நிபந்தனையோடு: பாயின்ட்டுக்காக விலை கூடுதலான ஓட்டலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஆள் விலகும்போது, கார்டு தொலையும்போது

ராஜினாமாக் கடிதம் வந்த அன்றே லிமிட்டைக் குறையுங்கள், கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பு கார்டை மூடச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். பாக்கி எதுவும் இல்லையென்றால் கோரிக்கை வந்த 7 வேலை நாளுக்குள் வங்கி கார்டை மூடியாக வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் உண்டு என்கிறது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. கார்டை இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுவது மூடுவதாகாது.

மூடுவதற்கு முன் அந்தக் கார்டில் தொங்கும் ஆட்டோ டெபிட்டுகளைத் தேடுங்கள். வெப்சைட் டொமைன், மின்னஞ்சல் சேவை, விளம்பரக் கணக்கு. பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன் வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்று விதி. அந்தத் தகவல் போவது கார்டோடு பதிவான போன் நம்பருக்கு. அது விலகிப் போனவரின் சொந்த நம்பர் என்றால், உங்கள் டொமைன் காலாவதியாகும் செய்தி அவருக்குத்தான் தெரியும். நம் ஊரில் பல நிறுவனங்களின் வெப்சைட் ஒரு திங்கட்கிழமை காலையில் காணாமல் போவது இப்படித்தான். சந்தாக்கள் எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு கார்டு வைத்து, அதைக் கம்பெனியின் போன் நம்பரோடும் பொது மின்னஞ்சலோடும் இணைத்துவிடுங்கள். அந்தக் கார்டு அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

தொலைந்த கார்டுக்கு முதல் போன் வங்கிக்கு, முதலாளிக்கு அல்ல. வங்கியின் தடை எண்ணை ஒவ்வொருவரும் தங்கள் போனில் சேமித்து வைத்திருக்க வேண்டும். கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறது என்பது கார்டு கையில் இருக்கும்வரைதான் உதவும். தடை செய்ததும் வங்கி தரும் புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பச் சொல்லுங்கள். மூன்று வேலை நாள் கணக்கு வந்தால் அந்த எண்தான் சாட்சி. தெரியாத வரி ஏதாவது ஸ்டேட்மென்டில் இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். அதிகபட்சம் 30 நாளுக்குள் வங்கி விளக்கமும் தேவையானால் ஆதாரமும் தர வேண்டும். இரண்டு நாள் கழித்து அந்தக் கார்டு அழுக்குப் பேன்ட் பையில் கிடைத்தாலும் அது மறுபடி ஓடாது. புது நம்பரோடு வேறு கார்டு வரும்வரை வவுச்சர்தான்.